நேற்று நடந்த கால் இன்று ஏன் இழுக்கிறது? எம்.எஸ். நோயோடு குமரியில் வாழ்பவர்களுக்கு

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிற எம்.எஸ். நோய் புகுந்த வீட்டில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "காலைல நல்லாத்தானே நடந்தா, மத்தியானம் ஏன் சுவரைப் பிடிக்கா?" நடிப்பு என்பார் ஒருவர், மனசுதான் காரணம் என்பார் இன்னொருவர், செய்வினை என்று சொல்லவும் ஆள் உண்டு. பதில் மனசிலும் இல்லை, மந்திரத்திலும் இல்லை. எம்.எஸ்.ஸில் உடம்பு சரிவது மூன்று விதம். மூன்றுக்கும் காரணம் வேறு, செய்ய வேண்டியதும் வேறு. ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்ளும்போதுதான் வேண்டாத ஊசியும், வீண் அலைச்சலும், சில சமயம் மீளாத பார்வையிழப்பும் நேர்கின்றன.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு, இவைதான் எம்.எஸ். தாக்கும் இடங்கள். இங்குள்ள நரம்பிழைகளை மையலின் என்ற கொழுப்புறை சுற்றியிருக்கிறது. அது ஒரே நீளமாக இருக்காது. ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ போனதும் சின்ன இடைவெளி வரும். மின்துடிப்பு இடைவெளிக்கு இடைவெளி தாவிப் போவதால், தடித்த உறையுள்ள இழையில் நொடிக்கு 100 மீட்டர் வரை ஓடுகிறது. உறையே இல்லாத மெல்லிய இழையில் 1, 2 மீட்டர்தான். எம்.எஸ்.ஸில் உடம்பின் எதிர்ப்பணுக்களே இந்த உறையை அந்நியமென்று எண்ணி அரிக்கின்றன. அரித்த இடம் தழும்பாகிறது. 1868-ல் பாரிஸில் சார்கோ என்ற மருத்துவர், இறந்தவர்களின் மூளையிலும் தண்டுவடத்திலும் இந்தத் தழும்புகளைப் பார்த்து, அவர்கள் உயிரோடிருந்தபோது பட்ட நடுக்கத்தையும் பேச்சுக் குழறலையும் அவற்றோடு பொருத்திக் காட்டினார்.

அழற்சி அடங்கியதும் வீக்கம் வடியும், உறை ஓரளவு திரும்ப வளரும், மூளையும் மாற்றுவழி பிடித்துக்கொள்ளும். அதனால் ஆரம்பகாலத் தாக்குதல்கள் பலவும் மருந்தே இல்லாமல் சில வாரங்களில் தணிந்துவிடும். இந்த இயல்பு ஒரு பெரிய குழப்பத்துக்கு இடம் கொடுக்கிறது. ஆறாவது வாரம் கால் சரியாகிறது என்றால், ஐந்தாவது வாரம் யாரிடம் போனோமோ அவருக்குத்தான் அந்தப் பெயர் கிடைக்கும். அது வர்ம ஆசானாக இருக்கலாம், சத்து ஊசி போட்ட கிளினிக்காக இருக்கலாம், நேர்ச்சை வைத்த கோயிலாகவோ பள்ளிவாசலாகவோ இருக்கலாம். அடுத்த தாக்குதல் ஓர் ஆண்டு கழித்து வரும்போது முதலில் ஓடுவதும் அங்கேதான். இடையில் போன காலத்தில் மூளையில் சத்தமில்லாமல் தழும்புகள் கூடியிருக்கும்.

இனி அந்த மூன்று விதம். புதிய தாக்குதல் என்பது ஒரு நொடியில் வராது. சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் ஏறும். புதிய அறிகுறியாகவோ, பழையது தெளிவாகக் கூடியதாகவோ இருக்கும். 24 மணி நேரத்துக்கு மேல் விடாமல் நிற்கும். காய்ச்சலோ தொற்றோ இருக்காது. முந்தைய தாக்குதல் தொடங்கி 30 நாளாவது ஆகியிருந்தால்தான் அதைத் தனித் தாக்குதலாக மருத்துவர்கள் கணக்கில் எடுப்பார்கள். இரண்டாவது, சூட்டினாலோ காய்ச்சலினாலோ பழைய தழும்பு தற்காலிகமாகப் பேசுவது. இதில் புதிய சேதம் எதுவும் இல்லை. மூன்றாவது, மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் மெதுவாகத் தேய்வது. போன ஓணத்துக்கு வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வீட்டுக்குப் போனவர், இந்த ஓணத்துக்குப் பாதி வழியில் உட்காருகிறார் என்றால் அது இந்த வகை. இதற்கு ஸ்டீராய்டு ஊசி கேட்டு வாங்குவதில் பயன் கிடையாது.

இரண்டாவது வகையைத்தான் இந்த மாவட்டத்தில் அதிகம் பார்க்கிறோம். 1890-ல் ஊட்டாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர், உடற்பயிற்சி செய்தால் சில நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதையும் ஓய்வெடுத்தால் திரும்புவதையும் எழுதிவைத்தார். காரணம் பின்னாளில் தெரிந்தது. உறை அரிக்கப்பட்ட இழையில் மின்துடிப்பு மட்டுமட்டாகத்தான் கடக்கிறது. சூடு ஏறினால் நரம்புச் சுவரிலுள்ள சோடியம் வாசல்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளும். கடக்கப் போதுமான மின்னோட்டம் கிடைக்காமல் துடிப்பு வழியில் நின்றுவிடும். உடல் வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் கூடினாலே சிலருக்கு இது நடக்கும். தணிந்தால் பழையபடி ஓடும்.

பாளையங்கோட்டையோடு ஒப்பிட்டால் நம்மூர் வெயில் ஒன்றுமே இல்லை என்போம். உண்மைதான். ஆனால் குளச்சல், முட்டம் பக்கம் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும், இங்கே அது உலராமல் வழிந்துகொண்டே இருக்கும். தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ போட்ட சமையல்கட்டில் மத்தியானம் மீன்குழம்பு கொதிக்கும்போது நிற்பவருக்கு முதலில் ஒரு கண் மங்கும், பிறகு காலில் செருப்பு நழுவும். நழுவியதே தெரியாது, நாலடி நடந்த பிறகு தரை சுடும்போதுதான், அதுவும் உள்ளங்காலில் உணர்ச்சி மிச்சம் இருந்தால்தான், தெரியும். அடுப்பு வேலையைக் காலை எட்டு மணிக்குள் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து வேலை செய்வது, ஈரத்துண்டைக் கழுத்திலும் அக்குளிலும் மாற்றி மாற்றி வைப்பது, வெளியே கிளம்பும் முன் குளிர்ந்த நீரில் குளித்துவிட்டுப் போவது, இவை நிஜமாகவே வேலை செய்கின்றன. குளத்துக்குத் தனியாகப் போகக் கூடாது. படித்துறைப் பாசியில் கால் வழுக்குவதை உணர்ச்சி குறைந்த கால் தாமதமாகத்தான் சொல்லும். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வறுக்கிற பகுதியில் இருப்பவர்கள் தரம் பிரிக்கிற பகுதிக்கு மாற்றம் கேட்கலாம். ரப்பர் தோட்டத்துக்குப் பால்வெட்டப் போகிறவர்களுக்கு விடியற்காலை வேலை என்பது ஒரு வசதி, ஆனால் சரிவில் இருட்டில் நடக்க வேண்டும். தண்டுவடத்தின் பின்பகுதியில் தழும்பு இருந்தால், கால் எங்கே இருக்கிறது என்பதைக் கண்தான் சொல்கிறது. இருட்டில் அந்தக் கண்ணும் உதவாது.

அடுத்தது உழிச்சலும் வேதும். எண்ணெய் தடவி மெதுவாக நீவுவதில் தவறு ஒன்றும் இல்லை, இறுகிய தசைக்கு இதமாகவே இருக்கும். அதன்பின் ஆவி பிடிப்பதும், சூட்டுக் கிழி வைப்பதும், கொதிக்கக் கொதிக்க நீர் ஊற்றுவதும்தான் ஆகாது. கால் விழுந்து, "நோய் வெளியே வருது, இன்னும் ஏழு நாள் பாக்கலாம்" என்று தொடர்ந்தால் கொப்புளம்வரை போகும், ஏனென்றால் சூடு உறைப்பது நோயாளிக்குத் தெரியாது. தண்ணீரின் சூட்டை நோயில்லாத ஒருவர் முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கழுத்தைச் சொடக்கி எடுப்பதை முற்றாக விலக்க வேண்டும். கழுத்தைக் குனிந்தால் முதுகுத்தண்டு வழியாகக் கால்வரை ஷாக் அடித்தாற்போல் ஓடுகிறது என்றால், அது கழுத்துத் தண்டுவடத்தில் தழும்பு இருப்பதன் அடையாளம். எலும்பைச் சொடக்கி அதைச் சரிசெய்ய முடியாது.

காய்ச்சலும் இதே வேலையைத்தான் செய்யும், அதுவும் இன்னும் வேகமாக. 101 டிகிரி காய்ச்சலில் நடந்துகொண்டிருந்தவர் கட்டிலைவிட்டு எழமாட்டார். வீட்டில் தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்க வேண்டும். திடீரென்று தளர்ந்தால் முதலில் சூடு பார்க்க வேண்டும், அடுத்தது சிறுநீர்ப் பரிசோதனை. எங்கள் அனுபவத்தில் "அட்டாக்" என்று ஆஸ்பத்திரிக்கு ஓடி வருபவற்றில் பலவும் கடைசியில் சிறுநீர்த் தொற்றாகவே முடிகின்றன.

இந்தத் தொற்று எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இதைப்பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. தண்டுவடத் தழும்பால் சிறுநீர்ப்பை சொல்பேச்சு கேட்காது. வந்தால் அடக்க முடியாது. போனால் முழுதாகப் போகாது. பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் அவமானப்படக் கூடாதென்று பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். நீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகும், மிச்சம் தேங்கும், தேங்கியதில் கிருமி வளரும், காய்ச்சல் வரும், கால் விழும். பிறகு ஸ்டீராய்டு ஏற்றினால் தொற்று இன்னும் கூடும். இந்தச் சங்கிலியை வெட்ட, நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடிக்க வேண்டும். இரவு படுக்கும் இரண்டு மணி நேரத்துக்கு முன் நிறுத்திக்கொள்ளலாம். சிறுநீர் கழித்த உடனே ஸ்கேனில் எவ்வளவு மிச்சம் இருக்கிறதென்று அளக்கச் சொல்லுங்கள். அளக்காமல், அடக்க முடியவில்லை என்பதற்கு மட்டும் மாத்திரை வாங்கினால், அந்த மாத்திரை பையைத் தளர்த்தி மிச்சத்தை இன்னும் கூட்டிவிடும். மிச்சம் 100 மில்லிக்கு மேல் தொடர்ந்து இருந்தால் நோயாளி தானே குழாய் போட்டுச் சிறுநீரை எடுக்கும் முறையை மருத்துவர் சொல்லலாம். கேட்டதும் அழுகை வரும். பழகியவர்கள் அதை விடமாட்டார்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவி, மெல்லிய குழாயின் நுனியில் ஜெல்லி தடவி, தேவைக்கேற்ப நாளைக்கு நாலு முதல் ஆறு முறை, ஒரு தடவைக்கு 400, 500 மில்லியைத் தாண்டாதபடி எடுத்துவிடுவதுதான் முறை. நர்ஸ் ஒருவர் நேரில் கற்றுக்கொடுக்காமல் தொடங்கக் கூடாது. ஆரம்பத்தில் பெண்களுக்குக் குழாய் போகும் இடத்தைப் பார்க்க முகக்கண்ணாடி தேவைப்படும். அளவை ஒரு நோட்டில் எழுதிவைத்தால் எத்தனை முறை போதும் என்பது ஒரு வாரத்தில் புரிந்துவிடும்.

தாக்குதல் 24 மணி நேரத்துக்கு மேல் நிற்கும் என்பதால், சந்தேகம் வந்தால் அதுவரை பொறுத்துப் பார்க்கலாம். ஆனால் இதற்கு விலக்கு உண்டு. ஒரு கண்ணில் வலியோடு பார்வை குறைவது, இரண்டு காலும் சேர்ந்து விழுவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது, இந்த மூன்றுக்கும் காத்திருக்காமல் அன்றே போக வேண்டும். ஒரு நொடியில் வாய் கோணி, கை விழுந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம்; 108-ஐ அழையுங்கள், எம்.எஸ். இருப்பவருக்குப் பக்கவாதம் வராது என்று எந்த விதியும் இல்லை. கண்ணுக்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வெளிச்சத்தில் ஒரு வற்றல் மிளகாயைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும், பிறகு மறு கண்ணால். ஒரு கண்ணில் சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறமாகத் தெரிந்தால், அதோடு கண்ணை அசைத்தால் உள்ளே வலித்தால், அது பார்வை நரம்பின் அழற்சியாக இருக்கும் வாய்ப்பு அதிகம். கண்ணாடிக் கடையில் பவர் மாற்றினால் தீராது.

நோய் என்னவென்று கண்டுபிடிக்குமுன் பலரும் சுற்றுகிற சுற்று பழகிப்போனது. முகத்தில் மின்னல் வெட்டுவதுபோல் வலிக்கும், பல் பிடுங்கப்படும். நெஞ்சையும் வயிற்றையும் யாரோ இறுக்கிக் கட்டினாற்போல் இருக்கும், ஈ.சி.ஜி. எடுத்து "வெறும் வாயு" என்று அனுப்புவார்கள். கால் மதமதப்புக்கு இடுப்பு எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள், அதில் டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கும், நாற்பதைத் தாண்டிய பலருக்கும், எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், கொஞ்சம் பிதுங்கித்தான் இருக்கும். தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே மட்டும் படம் எடுத்தால் எம்.எஸ். தழும்பு எப்படித் தெரியும்? மூளை, கழுத்து, நெஞ்சுப் பகுதித் தண்டுவடம் மூன்றுக்கும், காண்ட்ராஸ்ட் மருந்தோடு எடுக்க வேண்டும். படத்தோடு சி.டி.யையும் கேட்டு வாங்கி பென் டிரைவில் ஒரு நகல் வையுங்கள். அடுத்த படத்தை இதோடு ஒப்பிட்டால்தான் தழும்பு புதிதா பழையதா என்று சொல்ல முடியும், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, எழுபது கிலோமீட்டர் தாண்டித் திருவனந்தபுரம் போனாலும் சரி.

ரத்தப் பரிசோதனையில் விடக் கூடாதது ஒன்று உண்டு: அக்குவாபோரின்-4 எதிர்ப்பொருள். எம்.எஸ். போலவே தெரிகிற, ஆனால் வேறான, என்.எம்.ஓ. என்ற நோய் உண்டு. அதன் எதிர்ப்பொருளை 2004-ல்தான் கண்டுபிடித்தார்கள். இரண்டு கண்ணையும் கடுமையாகத் தாக்குவது, தண்டுவடத்தில் மூன்று முதுகெலும்பு நீளத்துக்கு மேல் ஒரே தழும்பு ஓடுவது, காரணமில்லாமல் நாள் கணக்கில் விக்கலும் வாந்தியும் வருவது இதன் அடையாளங்கள். எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கிற இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமாட் போன்ற மருந்துகள் என்.எம்.ஓ.வை மோசமாக்கும். அதனால் நீண்டகால மருந்தைத் தொடங்குமுன் இந்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேட்பது நோயாளியின் உரிமை. எம்.எஸ். போலவே தெரிகிற இன்னொரு நோயைக் காட்டும் மாக் எதிர்ப்பொருளையும், பி12 அளவையும் சேர்த்துப் பார்ப்பார்கள். முதுகில் நீர் எடுக்கிறார்கள் என்றால் பயப்பட வேண்டாம். பிறகு சிலருக்கு எழுந்தால் தலைவலி, படுத்தால் இல்லை என்று சில நாள் இருக்கும். நீர் நிறையக் குடித்துப் படுத்திருந்தால் பெரும்பாலும் அடங்கும்.

உண்மையான தாக்குதலுக்கு மெத்தில்பிரெட்னிசோலோன் 1 கிராம், தினம் ஒரு முறை, மூன்று முதல் ஐந்து நாள், சலைனில் கலந்து ஏற்றுவார்கள். காலையில் ஏற்றச் சொல்லுங்கள், மாலையில் ஏற்றினால் இரவு தூக்கம் போச்சு. வாயில் இரும்பு ருசி, முகச்சிவப்பு, படபடப்பு வரும்; சர்க்கரை ஏறும், ஆகவே நீரிழிவு இருப்பதை மறைக்கக் கூடாது. இந்த ஊசி மீட்சியை விரைவாக்குகிறது, அவ்வளவுதான். கடைசியில் எவ்வளவு மீளும் என்பதை இது மாற்றுவதில்லை, அடுத்த தாக்குதலைத் தடுப்பதும் இல்லை. போன தடவை நல்லா கேட்டது என்று பழைய சீட்டை மெடிக்கலில் நீட்டி ஸ்டீராய்டு மாத்திரை வாங்கித் தின்றவர்களில் சிலர் இடுப்பு மூட்டுக்கு ரத்த ஓட்டம் குறைந்து அவதிப்படுகிறார்கள். ஊசிக்கு அடங்காத கடுமையான தாக்குதலுக்கு, ஒன்று விட்டு ஒரு நாளாக ஐந்து முதல் ஏழு முறை பிளாஸ்மா மாற்றுவார்கள்.

அடுத்த தாக்குதலைத் தடுப்பது நீண்டகால மருந்துகளின் வேலை. இவற்றைச் சாப்பிட்டால் நாளைக்கே தெம்பு வராது. "ஒரு மாற்றமும் தெரியல்ல" என்று மூன்றாவது மாதம் நிறுத்துபவர்கள் ஏராளம். ஒரு மாற்றமும் இல்லாமல் இருப்பதற்குத்தான் இந்த மருந்து. டைமெத்தில் ஃபியூமரேட்டை 120 மில்லிகிராம் இரண்டு வேளை என்று தொடங்கி, ஒரு வாரம் கழித்து 240 ஆக்குவார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டபின் போட்டால் முகம் எரிவதும் வயிற்றுவலியும் குறையும். ஃபிங்கோலிமாட்டின் முதல் மாத்திரையை ஆறு மணி நேரம் இதயத் துடிப்பைக் கண்காணித்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும், திடீரென நிறுத்தினால் நோய் பாய்ந்து திரும்பலாம். கிளாட்டிராமர் ஊசியை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். ஃபிரிட்ஜின் நடுத்தட்டே நல்லது. ஃப்ரீசரில் உறைந்ததைத் தூர எறிய வேண்டியதுதான். வெளியூரிலிருந்து பஸ்ஸில் கொண்டுவரும்போது ஐஸ் பேக்குக்கும் ஊசிக்கும் நடுவில் துணி வையுங்கள். இந்தியாவில் செலவு கருதி ரிட்டுக்சிமாப் பரவலாகக் கொடுக்கப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் எம்.எஸ்.ஸுக்கான அத்தியாவசிய மருந்துகளாக இதையும் கிளாட்டிராமரையும் கிளாட்ரிபினையும் சேர்த்தது. ரிட்டுக்சிமாப் தொடங்குமுன் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை செய்யாமல் விடக் கூடாது; உள்ளே உறங்கும் வைரஸ் எழுந்து ஈரலைக் கெடுத்துவிடும். தடுப்பூசிகளைச் சில வாரங்களுக்கு முன்பே போட்டு முடிக்க வேண்டும்.

தசை இறுக்கத்துக்கு பேக்லோஃபென் 5 மில்லிகிராமில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். அதிகமானால் கால் துவளும், ஏனென்றால் சிலருக்கு அந்த இறுக்கம்தான் நிற்கவே உதவுகிறது. தீர்ந்துவிட்டதென்று ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம். ஆகவே அட்டையில் ஒரு வாரத்துக்கு மிச்சம் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

பிள்ளைப்பேறு பற்றித் தனியே சொல்ல வேண்டும், இந்த நோய் பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் வருகிறது, பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். எம்.எஸ். ஒட்டுவாரொட்டி கிடையாது. தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால் பிள்ளைக்கு வர 100-ல் 2, 3 வாய்ப்பு. மீதி 97 பேருக்கு வருவதில்லை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதம் நோய் தணிந்திருக்கும், பெற்றபின் முதல் மூன்று மாதம் தாக்குதல் கூடும். அந்த மூன்று மாதத்தில்தான் நம் வீடுகளில் வேது தண்ணீர்க் குளியலும் நடக்கிறது. "மக்களே, சூடா ஊத்துனாத்தான் உடம்பு தேறும்" என்று மாமியார் பாசத்தோடுதான் சொல்கிறார். மருந்திலைகளைப் போட்டுக் காய்ச்சிக்கொள்ளட்டும், ஆறவைத்து வெதுவெதுப்பில் ஊற்றட்டும், யாருக்கும் மனவருத்தம் இல்லை. குளித்தபின் கால் தளர்ந்து, ஆறியதும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சரியானால் அது சூடு. மறுநாளும் நின்றால் தாக்குதலாக எண்ணி மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பம் தரிக்குமுன்னரே மருந்து மாற்றத்தைப் பேசிவிட வேண்டும். ஃபிங்கோலிமாட்டை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டெரிஃப்ளூனோமைடு மாத்திரையை விட்டபிறகும் இரண்டு ஆண்டுவரை ரத்தத்தில் தங்கக்கூடும்; அதை வெளியேற்ற கொலஸ்டிரமின் 8 கிராம், நாளைக்கு மூன்று வேளை, 11 நாள் கொடுப்பார்கள். இது தெரியாமல் மாத்திரையை நிறுத்திய மாதமே கர்ப்பமாவதுதான் ஆபத்து.

மாற்றுத்திறனாளி சான்றுக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எம்.எஸ்.ஸுக்கு இடம் உண்டு. தமிழக அரசின் படிவங்களில் 'தண்டுவட மரப்பு நோய்' என்று இருக்கும். அந்தப் பெயரிலேயே பராமரிப்பு உதவித்தொகையும் உண்டு, நாகர்கோவில் கலெக்டர் அலுவலக வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீத ஊனம் வேண்டும். சிக்கல் என்னவென்றால், சதவீதத்தை முடிவு செய்யும் மெடிக்கல் போர்டு நடக்கும் நாள் காலை பத்து மணிக்கு, மழை பெய்து குளிர்ந்த நாளாக இருந்தால், நீங்கள் நேராக நடந்து உள்ளே போவீர்கள். "நல்லா நடக்கிறீங்களே" என்ற பேச்சோடு சதவீதம் குறைந்துவிடும். ஆகவே நரம்பியல் மருத்துவரிடம் முன்கூட்டியே இ.டி.எஸ்.எஸ். மதிப்பெண்ணை எழுதி வாங்குங்கள். பூச்சியத்திலிருந்து பத்துவரை போகும் அந்த அளவுகோலில், ஓய்வில்லாமல் 500 மீட்டர் நடக்க முடிந்தால் 4, 200 மீட்டர் என்றால் 5, கம்பு ஊன்றி 100 மீட்டர் என்றால் 6. அதோடு சிறுநீர் மிச்சத்தின் ஸ்கேன், பார்வைப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. அறிக்கை, எல்லா டிஸ்சார்ஜ் சம்மரியும் ஒரே ஃபைலில் தேதிவாரியாக இருக்கட்டும். எத்தனை மீட்டரில் கால் இழுக்கிறது, எத்தனை நிமிடம் உட்கார்ந்தால் மறுபடி எழ முடிகிறது என்பதை மருத்துவரின் கையெழுத்தோடு ஒரு வரியாக வாங்கி, அந்தத் தாளை ஃபைலின் மேலே வையுங்கள்.